டைனமோவின் சுருதி

சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட கதையைச் சொல்லாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றரியும் எரிபொருளும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் வைத்து எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். தீர்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்தும், ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் ஊட்டியும் இன்னும் இரண்டு நாள் உயிர் வாங்கினார்கள். அதுவும் முடிந்தபின் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் றேடியோவைச் சுற்றி இருந்து செய்தி கேட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள்.

இன்று இது ஒரு பெருமைக் கதையாகிவிட்டது. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. சொல்லட்டும். ஆனால் நான் கேட்ட அளவில், இந்தக் கதைகளில் என்ன பாட்டு என்பது இருக்கிறது, என்ன செய்தி என்பது இருக்கிறது, மிதித்துக் கால் உளைந்தது இருக்கிறது. பாட்டின் அடியில் இடையறாது கேட்டுக்கொண்டிருந்த அந்த ரீங்காரத்தைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. நான் எழுத வந்தது அந்த ரீங்காரத்தைப் பற்றித்தான். மின்னிசையின் வரலாற்றை வாசிக்க வாசிக்க, கொக்குவிலில் நான் கேட்ட அந்த ஒலி அந்த வரலாற்றின் முதல் அத்தியாயத்திலேயே இருப்பதைக் கண்டேன்.

நமது சஞ்சிகையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இசை கூடுமா கூடாதா என்ற வழக்கே நமக்குள் முடியவில்லை. இதற்குள் மின்னிசை வேறா? அந்த வழக்கைத் தீர்க்க நான் ஆலிம் அல்ல. ஆனால் இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் 'ஸமாஃ' என்கிற கேட்டலுக்கு ஒரு தனி நூலே ஒதுக்கினார் என்பதையும், அல்பாராபி இசை குறித்து எழுதிய பெருநூல் இசைக்கருவிகளைச் சுரம் சுரமாக அளந்து ஆராய்ந்தது என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன். கூடும் என்றவர்களும் கூடாது என்றவர்களும் முதலில் காதுகொடுத்துக் கேட்டவர்கள்.

*

எங்கள் வீடு சோனகத் தெருவில் இருந்தது. வாப்பாவுக்குப் பழைய இரும்பு வியாபாரம். இரும்போடு இரும்பாகச் சில சமயம் செத்த றேடியோக்களும் வந்து சேரும். அவற்றைக் கழற்றிப் பார்ப்பதில் எனக்கிருந்த பைத்தியத்தைக் கண்டு, "சும்மா உடைக்காம தொழிலாப் படி" என்று வாப்பா என்னைக் கொக்குவிலில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் விட்டார். காங்கேசன்துறை வீதியோரம், சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய கடை. ஊரார் அவரை 'றேடியோ அண்ணை' என்றார்கள். இங்கும் அவர் றேடியோ அண்ணையாகவே இருக்கட்டும்.

கொக்குவில் அப்போது சுருட்டுக்குப் பேர்போன ஊர். சுருட்டுக் கொட்டில்களில் காலை தொடக்கம் மாலைவரை றேடியோ பாடிக்கொண்டிருக்கும். அங்கிருந்து திருத்த வரும் பெட்டிகளைத் திறந்தால் புகையிலைத் தூள் கொட்டும். சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகியில் அந்தத் தூள் போய் அடைந்து 'கர கர' என்னும். ஸ்பிரிற்றில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும். நான் கற்ற முதல் வைத்தியம் அது. கோயில் லவுட்ஸ்பீக்கர்களும் வரும். பக்கத்து ஊரான இணுவில் நாதஸ்வரமும் தவிலும் விளைந்த மண் என்பதால் அண்ணைக்குச் சுருதி பிசகினால் பொறுக்காது. ஒரு கசெற் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் "கால் சுரம் இறங்கிக் கிடக்கு" என்று சொல்லி, மோட்டரின் பின்புறத்திலுள்ள சிறு துளைக்குள் திருப்புளியை விட்டுச் சரிசெய்வார்.

மின்சாரம் நின்ற பிறகு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: டைனமோவில் றேடியோவை எப்படிப் பாடவைப்பது? சிலர் கம்பியை நேரே கொடுத்துப் பார்த்துவிட்டு, பெட்டி உறுமுகிறது என்று கொண்டுவந்தார்கள். காரணம் எளிது. டைனமோவுக்குள் ஒரு காந்தம் கம்பிச் சுருளுக்கு நடுவே சுழல்கிறது. அதனால் பிறப்பது ஆடலோட்டம். ஒருமுறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் பாயும். றேடியோவுக்குத் தேவை பற்றரி தருவது போன்ற நேரோட்டம். நான்கு டயோட்டுகளைப் பாலம்போல இணைத்தால் ஓட்டம் ஒரே திசைக்குத் திரும்பும். ஆனாலும் அது மேடும் பள்ளமுமாகவே வரும். அந்தப் பள்ளத்தை நிரப்பப் பெரிய கப்பாசிற்றர் ஒன்று வேண்டும். டயோட்டுகளைச் செத்த பெட்டிகளிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். பெரிய கப்பாசிற்றருக்கு எங்கே போவது? கிடைத்த சின்னதைப் போட்டோம். நிரம்பாத பள்ளம் ரீங்காரமாகக் கேட்டது.

வீட்டு மின்சாரத்திலும் ரீங்காரம் உண்டு. அது விநாடிக்கு 50 தரம் ஆடும் மின்சாரம். அதன் ரீங்காரம் என்றும் ஒரே சுருதியில் நிற்கும். டைனமோவின் ரீங்காரம் அப்படி நிற்காது. வேகமாக மிதித்தால் உயரும், களைத்தால் இறங்கும். காந்தத்தின் துருவங்களைப் பொறுத்து விநாடிக்கு நூறிலிருந்து சில நூறு அதிர்வுகள்வரை போய்வரும். தம்புரா போல அது பாட்டின் அடியில் ஓடும். ஆனால் மிதிப்பவரின் மூச்சுக்கேற்ப அசையும் தம்புரா. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் மிதிப்பது பெரியவரா சிறுபிள்ளையா என்று எனக்குச் சொல்லத் தெரிந்தது.

1990 ஆகஸ்ட் மாதம் என்று நினைவு. வேலையில்லாத ஒரு பின்னேரம் அண்ணை றேடியோவைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தடையைக் குறுக்கே போட்டு, டைனமோவின் கம்பிகளை நேரே ஸ்பீக்கரில் தொட்டார். என்னை மிதிக்கச் சொன்னார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. வெறும் 'ஊம்' என்ற ஒலி. "இதைச் சட்ஜமா வை. இப்ப கொஞ்சம் ஊண்டி மிதி... ஆ, ரிஷபம். நில், நில், அதிலேயே நில்." காந்தாரத்தில் நிற்க எனக்குக் கால் வளையவில்லை. அவர் சிரித்தார். "தம்பி, உது பாட்டில்லை. உது மின்சாரத்தின்ர சொந்தக் குரல்." அரை மணித்தியாலம் அப்படி விளையாடினோம். ஆகாயத்தில் ஹெலி வந்ததும் நிறுத்திவிட்டோம்.

*

பல வருடங்களுக்குப் பிறகு தெல்ஹார்மோனியம் பற்றி வாசித்தபோது அந்தப் பின்னேரம் எனக்கு விளங்கியது. அமெரிக்கரான தாடியஸ் காஹில் 1897இல் காப்புரிமை பெற்ற கருவி அது. 1906இல் நியூயோர்க்கில் நிறுவப்பட்ட அதன் பெரிய வடிவம் ஏறக்குறைய 200 தொன் எடை. அதற்குள் இருந்தவை டைனமோக்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குறித்த மீடிறனில் மின்னை ஆடச்செய்யும் பிறப்பாக்கி. இசைஞர் கட்டையை அழுத்தினால் அந்த மின்னோட்டம் தொலைபேசிக் கம்பி வழியே ஹோட்டல்களுக்கும் வீடுகளுக்கும் போய்க் குழல்வாயில் ஒலியாகும். அதற்கு டைனமோபோன் என்ற இன்னொரு பெயரும் உண்டு. மின்பெருக்கி இன்னும் வராத காலம். கேட்கக்கூடிய ஒலி வேண்டுமென்றால் அவ்வளவு பெரிய மின்பிறப்பாக்கிகள் தேவைப்பட்டன. பக்கத்துத் தொலைபேசிக் கம்பிகளுக்குள்ளும் இசை கசிந்து, பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு இடைஞ்சலானது. சில வருடங்களிலேயே நிறுவனம் நொடித்தது. கடைசியில் அந்த இயந்திரம் பழைய இரும்பாகப் போனது. அதன் ஒலிப்பதிவு ஒன்றேனும் இன்று இல்லை. பழைய இரும்பு வியாபாரியின் மகனுக்கு இந்த முடிவு கொஞ்சம் உறைக்கும்.

அதே தத்துவத்தைச் சிறிதாக்கியதுதான் 1935இல் வந்த ஹமண்ட் ஓர்கன். 91 பற்சில்லுகள் காந்தங்களுக்கு முன்னால் சுழலும். ஒவ்வொன்றும் ஒரு சுரம். சில்லு சுழல, மின் ஆட, ஒலி பிறக்கிறது. 1979இல் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கியபோது சில்லுக்குப் பதில் மின்சுற்றே ஆடியது. அசையாத சுருதி கிடைத்தது. இன்று நமது கச்சேரி மேடைகளில் தம்புராவின் இடத்தில் பெரும்பாலும் அதன் வாரிசுகளே இருக்கின்றன.

சில்லைக் கொண்டு இசையை ஆட்டுவிக்கும் எண்ணம் இதைவிடப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் பனூ மூஸா எனப்பட்ட மூன்று சகோதரர்கள், முஹம்மத், அஹ்மத், அல்ஹஸன், தானே ஊதும் கருவி ஒன்றைப் பற்றி எழுதினார்கள். தண்ணீரின் விசையால் காற்று குழலுக்குள் போகும். ஆணிகள் பதித்த உருளை ஒன்று மெல்லச் சுழலும். ஆணி நெம்புகோலைத் தட்டத் தட்டக் குழலின் துளைகள் திறந்து மூடும். ஆணிகளின் இடத்தை மாற்றினால் மெட்டு மாறும். மனிதர் வாசிக்க வேண்டியதை முன்கூட்டியே எழுதி இயந்திரத்திடம் ஒப்படைக்கும் இந்த யோசனைதான், ஆயிரத்து நூறு வருடங்களுக்குப் பிறகு இளையராஜா 1986இல் புன்னகை மன்னன் படத்துக்குக் கணினியின் துணையோடு இசை அமைத்தபோதும் அடியில் இருந்தது. அண்ணையின் கடையில் அந்தக் கசெற் தேயத் தேய ஓடியது. பனூ மூஸாவின் பெயரை எங்களுக்கு அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிப் புத்தகத்திலும் இல்லை, மத்ரஸாவிலும் இல்லை.

*

இரவுகளில் நாங்கள் கேட்டது சிற்றலை. பிபிசி தமிழோசைக்காகத் திருகியைத் திருப்பும்போது, நிலையம் அகப்படுவதற்கு முன் 'ஊய்ய்' என்று ஒரு விசில் மேலிருந்து கீழிறங்கி மறுபடி ஏறும். மிக நெருங்கிய இரண்டு அலைகள் ஒன்றோடொன்று மோதி, அவற்றின் வித்தியாசம் காதுக்குக் கேட்கும் ஒலியாவதே அந்த விசில். ரஷ்யரான லெவ் தெரெமின் 1920 அளவில் செய்த கருவி முழுக்க முழுக்க இதில்தான் இயங்குகிறது. கையைக் கருவிக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஓர் அலை மாறும். தொடாமலே சுரம் ஏறும், இறங்கும். ஜோன் கேஜ் 1951இல் 12 றேடியோக்களை மேடையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இருவராக 24 பேரைத் திருகிகளைத் திருப்பச் செய்து அதை இசைநிகழ்ச்சி என்றார். ஸ்ரொக்ஹவுசன் 1968இல் சிற்றலை வானொலிகளை இசைஞர்களின் கையில் கொடுத்து ஒரு படைப்பை அமைத்தார். குர்ஸ்வெல்லன் என்பது அதன் பெயர். சிற்றலைகள் என்றே அர்த்தம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "பாருங்கள், ஐரோப்பாவின் பரிசோதனை இசையை யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நாங்கள் தெரியாமலே வாசித்திருக்கிறோம்" என்று எழுதிவிடுவது இலகு. இலக்கியக் கூட்டமொன்றில் ஒரு நண்பர் அப்படியே பேசினார்; கைதட்டலும் விழுந்தது. எனக்கு அது ஏற்கவில்லை. கேஜின் 24 பேரும் திருகியைத் திருப்பியது கேட்பதற்காக. நாங்கள் திருப்பியது இன்றைக்கு எங்கே குண்டு விழுந்தது என்று அறிவதற்காக. விசில் எங்களுக்குத் தொந்தரவு. தட்டுப்பாட்டைப் பரிசோதனை என்று பெயர் மாற்றினால் தட்டுப்பாட்டை உண்டாக்கியவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

ஆனால் யுத்தம் காதைப் பழக்குகிறது என்பதும் உண்மை. பிபிசியின் ஒலிக்கூடத்தில் 1963இல் டொக்டர் ஹூ தொடரின் முகப்பிசையை மின்னொலியில் ஆக்கிய டெலியா டெர்பிஷயர் கொவென்ரி நகரில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் கேட்ட விமானத் தாக்குதல் சங்கொலியையே தனது முதல் மின்னிசை அனுபவமாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1944 டிசம்பரில் ஏதென்ஸ் வீதிகளில் கேட்ட கோஷங்களும் துப்பாக்கி ஒலிகளும் ஒன்றையொன்று கலைத்த விதம் ஸெனாக்கிஸின் இசைச் சிந்தனைக்குள் போனது. எங்கள் பிள்ளைகள் பொம்மரையும் சகடையையும் ஹெலியையும் கண்ணால் காணுமுன் ஒலியால் பிரித்தறிந்தார்கள். ஒலியின் உயரம், அதிர்வு, வந்து தேயும் விதம் எல்லாம் அவர்களுக்குப் பாடம். அந்தக் காதுகளோடு அவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் இசை வரும், வராமல் போகும். றேடியோ அண்ணை ஸ்பீக்கரில் கம்பியைத் தொட்ட அந்த அரை மணித்தியாலத்தை நான் பரிசோதனை என்று சொல்வேன். செய்தி கேட்க மிதித்த நூறு இரவுகளை அப்படிச் சொல்லமாட்டேன்.

ஒலி இல்லாமல் போவதும் ஒரு பாடம்தான். பிரெஞ்சு வானொலியின் பியர் ஷெஃபர் 1948இல் ரயில்களின் ஒலியைத் தட்டில் பதிந்து, வெட்டி, திருப்பித் திருப்பி ஓடவிட்டு ஒரு படைப்பைச் செய்தார். பதிந்த ஒலியையே மூலப்பொருளாகக் கொண்ட இசை அதிலிருந்துதான் பேர்பெற்றது. கொக்குவிலில் கடையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் ரயில் பாதை. 1990இல் ரயில் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குப் போயின. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைவரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கும்வரை, இருபத்து நான்கு வருடங்களுக்கு மேலாக அந்த ஊரில் ரயிலின் ஒலி இல்லை. பிறந்து, வளர்ந்து, கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்கள் தங்கள் ஊர் ரயிலைக் கேட்டதேயில்லை.

*

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். இதை எழுதாத முஸ்லிம் எழுத்தாளர் நம்மில் குறைவு. நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. ஒலியைப் பற்றிய ஒரு சிறு குறிப்பு மாத்திரம். எங்கள் வீட்டில் நாகூர் ஹனிபாவின் கசெற்றுகள் இருந்தன. உம்மும்மாவின் குரலில் தாலாட்டு ஒன்றை நான் பதிந்து வைத்திருந்தேன். டைனமோவோடு விளையாடிய பின்னேரத்துக்கு அடுத்த நாள் பதிந்த பத்து நிமிட ரீங்காரமும் ஒரு கசெற்றின் பின்பக்கத்தில் இருந்தது. கசெற்றுகளை ஒரு பையில் போட்டேன். பை சோதனைச் சாவடிக்கு அப்பால் வரவில்லை. உம்மும்மா புத்தளத்தில் மௌத்தானார். தெல்ஹார்மோனியத்தைப் போலவே அவருடைய தாலாட்டின் பதிவும் இல்லை.

புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வருடங்கள் போயின. 1992இல் ரோஜா வந்தது. ஏ. ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு இருந்த ஒலிக்கூடத்தில் சின்தசைசரும் கணினியும் கொண்டு கட்டிய அந்த ஒலி, தேநீர்க் கடை ஸ்பீக்கரின் கூம்பு அதிர வந்தது. அடியில் ஓடிய கனத்த நாதத்தைக் கேட்டதும் எனக்கு அண்ணையின் ஞாபகம் வந்தது. மூன்றங்குல ஸ்பீக்கரிலும் டைனமோவிலும் இந்த நாதம் கொக்குவிலில் எப்படிக் கேட்கும் என்று யோசித்தேன். கேட்கவே கேட்காது, ரீங்காரம் அதை விழுங்கிவிடும்.

1993 கடைசியில் அவரிடமிருந்து ஒரு கசெற் வந்தது. கிளாலிக் கடலால் வள்ளமேறி வந்த ஒருவர் கொழும்புக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி முகாமுக்கு வந்து சேர்ந்தது. அந்நாளில் குரலில் கடிதம் அனுப்புவது வழக்கம். எழுதுவதைவிடப் பேசுவது பலருக்கு லேசு. உறையில் என் பெயரும் 'புத்தளம்' என்பதும் மட்டும். தேநீர்க் கடையில் கெஞ்சிக் கேட்டுப் போட்டுப் பார்த்தேன். முதலில் ரீங்காரம், பிறகு அண்ணை. "தம்பி, எப்பிடி இருக்கிறாய்? வாப்பா, உம்மா சுகமோ? மகன்தான் மிதிக்கிறான். பத்து வயசாகுது அவனுக்கு." கடையில் என் மேசை அப்படியே கிடக்கிறதாம். என் சோல்டரிங் அயனை ஒருவருக்கும் கொடுக்கவில்லையாம்.

அந்தக் கசெற்றில் ஒரு விசித்திரம் இருந்தது. பையன் களைக்கக் களைக்க ரீங்காரம் இறங்கியது; அது எதிர்பார்த்தது. ஓர் இடத்துக்கு மேல் ரீங்காரம் இறங்குவதை நிறுத்த, அண்ணையின் குரல் மெலிந்து, உயர்ந்து, கடைசியில் ஒரு சிறுவனின் குரலாகியது. களைத்தால் எல்லாம் இறங்கத்தானே வேண்டும்? இரவிரவாக யோசித்துப் பிடித்தேன். ரேப் றெக்கோடர் மோட்டரில் வேகத்தைச் சீராக வைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் அது தாக்குப்பிடிக்கும். அதுவரை ரீங்காரம் மட்டும் இறங்கும். அதற்கும் கீழே போனால் நாடாவே மெதுவாக ஓடும். மெதுவான நாடாவில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் குரல் விரைந்து உயரும். ரீங்காரமோ இறங்கிய அளவுக்கே திரும்ப உயர்த்தப்பட்டு அசையாமல் நிற்கும். கனடாவின் ஹியூ லெ கெய்ன் 1955இல் ஒரே ஒரு நீர்த்துளியின் ஒலியைப் பதிந்து, நாடாவின் வேகத்தை மாற்றி மாற்றி ஒரு முழு இசைப்படைப்பைச் செய்ததும் இதே வித்தையால்தான்.

குரல் மெலிந்த அந்த இடத்தில் அவர் சொன்னது இது: "உங்களை அனுப்பேக்க நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, தம்பி. பயம்தான். பயம் எண்டு சொல்லிப்போட்டு விடேலுமோ?" பெரிய மனிதர் ஒருவர், சிறுவனின் குரலில். அதற்குப் பிறகு "விடடா, காணும், இறங்கு" என்று மகனிடம் சொல்வதும், 'டொக்' என்ற ஒலியும். அவ்வளவுதான்.

1995ஆம் ஆண்டு, அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தார்கள். கொக்குவிலும் வெறுமையானது. சரியாக ஐந்து வருடம். அந்தக் கணக்கில் பழி தீர்ந்ததாகச் சிலர் பேசியபோது எனக்குச் சம்மதமாக இருக்கவில்லை. மகனோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு அண்ணையும் அந்தக் கூட்டத்தில் போயிருப்பார் என்றே நினைத்தேன். பின்னர் ஊர் திரும்பியவருக்குக் கடையில் ஓடு தவிர வேறொன்றும் மிச்சமில்லை. யுத்தம் முடிந்து நான் கொக்குவிலுக்குப் போனபோது அவர் இல்லை.

*

கசெற் நாடா காலத்தால் உதிரும் என்பதால் சில வருடங்களுக்கு முன் அதைக் கணினியில் ஏற்றும்படி மருமகனிடம் கொடுத்தேன். அந்தத் துறையில் படித்த பிள்ளை. அன்போடு உழைத்து, ரீங்காரத்தை முற்றாக நீக்கி, குரலின் வேகத்தையும் நேராக்கி, "மாமா, இப்ப கிளியரா இருக்கு" என்று தந்தான். கேட்டேன். அண்ணை பக்கத்தில் இருந்து பேசுவது போலத்தான் இருந்தது. ஆனால் மின்சாரம் உள்ள ஓர் ஊரிலிருந்து பேசினார். வியர்த்து மிதித்த பிள்ளை அங்கே இல்லை. சொல்ல முடியாததைச் சொன்ன இடத்தில் குரல் நடுங்கி மெலியவும் இல்லை.

கெய்ரோவில் ஹலீம் எல்தப் என்ற இளைஞர் 1944இல், ஷெஃபருக்கு நான்கு வருடங்கள் முந்தி, வானொலி நிலையத்தின் கம்பிப் பதிகருவியை இரவல் வாங்கி, 'ஸார்' என்னும் பெண்களின் பேயோட்டுச் சடங்கைப் பதிந்தார். பிறகு ஒலிக்கூடத்தில் பாட்டின் அடிச்சுரங்களைக் களைந்து, எதிரொலியையும் மேலெழும் நாதத்தையும் மட்டும் மிச்சம் வைத்தார். பதிந்த ஒலியைக் கொண்டு உலகில் எழுந்த முதல் படைப்புகளில் ஒன்று அது. குரலை நீக்கி, எச்சத்தை வைத்தார் அவர். எச்சத்தை நீக்கி, குரலை வைத்தான் மருமகன். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் எதை எச்சம் என்று தீர்மானிப்பது யார்?

அஹமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவகத்தில் 1969இல் டேவிட் ரியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவிக்கொடுத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய் முதலானோர் அதில் செய்த மின்னிசை நாடாக்கள் பல தசாப்தங்கள் காப்பகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. போல் பர்காஸ் அவற்றைத் தேடி எடுத்து, 2023இல் தொகுப்பாக வெளியிட்டார். இந்தியாவுக்கு மின்னிசை வரலாறு இல்லை என்ற பேச்சு அதோடு அடங்கியது. நாடா இருந்தது, அதைக் கேட்கத்தக்கது என்று நினைக்க ஒரு காது வேண்டியிருந்தது.

மருமகன் மறுபடி உட்கார்ந்து, ஒன்றும் நீக்காத பிரதி ஒன்றை ஏற்றித் தந்தான். திரையில் ரீங்காரம் ஒரு கோடாகத் தெரிந்தது. ஏறி, இறங்கி, ஓர் இடத்தில் சட்டென்று துள்ளி மறுபடி சாய்ந்தது. பிள்ளை எழுந்து நின்று மிதித்த இடமாக இருக்க வேண்டும். அந்தப் பிரதியைத் தேடிப்பிடித்து அந்தப் பிள்ளைக்கே அனுப்பினேன். இன்று வெளிநாட்டில் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவன் அந்தக் கசெற்றில் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. முதல் தரம் அப்பாவைக் கேட்டதாகவும், இரண்டாம் தரம் தன்னைக் கேட்டதாகவும் பதில் எழுதினான்.

1990க்கும் 1996க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் பதிந்த கசெற்றுகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. புத்தளத்தில், கொழும்பில், கடல் கடந்த அலுமாரிகளில். பிறந்தநாள் வாழ்த்து, குரல் கடிதம், றேடியோவிலிருந்து பிடித்த பாட்டு, பிள்ளையின் முதல் பேச்சு. கணினியில் ஏற்றுகிறவர்கள் சுத்தப்படுத்திய பிரதியை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுத்தப்படுத்தாத ஒன்றையும் கூடவே வையுங்கள். அந்த ரீங்காரம் தடையின் பதிவு. ஒரு வீட்டில் யாரோ ஒருவரின் கால்களின் பதிவு. அது நம்முடைய மின்னிசை வரலாற்றில் சேருமா சேராதா என்பதைப் பின்னால் வருகிறவர்கள் கேட்டுத் தீர்மானிக்கட்டும். கேட்பதற்கு அது இருக்க வேண்டும். உறையின் மேல் பாடியவர் பெயர் எழுதியிருக்கும், பேசியவர் பெயரும் எழுதியிருக்கும். மிதித்தவர் யார் என்று தெரிந்தால் அவர் பெயரையும் எழுதிவையுங்கள்.